கூண்டு மாறிய ஐந்தாம் நாள்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. சிவகங்கை மாவட்டத்தில், காளையார்கோவில் பக்கத்துக் கண்மாய்க்கரை ஊர் ஒன்றில், கொல்லைப்புறக் கோழிக்கூண்டின் கதவைத் திறந்தாள் அந்த வீட்டு மருமகள். கதவுச் சத்தம் கேட்டால் காலைச் சுற்றி ஓடிவரும் குஞ்சுகளில் பாதி, இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இறக்கையைத் தொங்கப்போட்டு, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி மூலையில் ஒண்டிக் கிடந்தன. இரண்டு குஞ்சுகள் செத்து விறைத்திருந்தன. தரையில் அங்கங்கே சிவப்பாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். எச்சத்தில் ரத்தம்.

குஞ்சுகளை வீட்டுக்குள்ளிருந்து அந்தக் கூண்டுக்கு மாற்றி, அன்றோடு ஐந்து நாள் ஆகியிருந்தது.

மகளிர் குழுவில் 15,000 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய வேலை அது. ஒரு நாள் வயது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 60, கூண்டுக்குக் கம்பி வலை, தகரம், தீவன மூட்டை, பல்பு, வயர் என்று அவ்வளவும் அந்தப் பணத்தில்தான். கணவர் சென்னையில் ஓட்டல் வேலையில் இருக்கிறார். அவரிடம் கேட்காமல் தன் பெயரில், தன் கையெழுத்தில் வாங்கிய முதல் கடன். தைப் பொங்கலுக்கு ஒரு பகுதியை விற்றால் கடனில் பாதி அடைந்துவிடும் என்று ஒரு நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

மாமியாருக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் நம்பிக்கை இல்லை. "தாய்க்கோழி இல்லாம குஞ்சு வளக்குறது, தாயில்லாப் புள்ளய வளக்குற மாதிரித்தான் ஆத்தா. பாத்துச் செய்யி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு தடவை சொன்னதே மருமகளின் மனசில் தங்கிவிட்டது. எப்படியாவது வளர்த்துக் காட்டிவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

முதல் மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை. நெல் குதிர் இருந்த பழைய அறையைக் காலி செய்து, அட்டையால் வட்டமாகத் தடுப்புக் கட்டி, உலர்ந்த புது உமியைப் பரப்பி, மேலே பல்பு தொங்கவிட்டிருந்தாள். முதல் வாரம் குஞ்சு இருக்கும் இடத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும், அதன்பின் வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது என்று பல்பை இறக்குவாள். சுவரோரம் ஒதுங்கினால் சூடு அதிகம் என்று ஏற்றுவாள். முதல் வாரத்தில் இரண்டு மட்டும் இறந்தன. மிச்சம் 58. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்தும் போட்டாயிற்று. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் குஞ்சுகளைத்தான் எண்ணுவாள்.

தீபாவளி நெருங்கியது. கணவர் வருகிறார். நாத்தனார் குடும்பமும் வருகிறது. குஞ்சு அறையின் வாடை கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. கூண்டு வேலையும் முடிந்திருந்தது. அதனால் 23-ஆம் நாள், அத்தனை குஞ்சுகளையும் இரண்டு கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கூண்டில் விட்டாள். பச்சைப் புல்லைக் கொத்திக்கொண்டு அவை ஓடியதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று விதமான எச்சம்

பிரச்னை ஐந்தாம் நாள் திடீரென்று வந்ததாகத்தான் அன்று அவளுக்குத் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தபோது, இரண்டாம் நாளிலிருந்தே எச்சத்தில் மாற்றம் இருந்தது புரிந்தது. அதைச் சரியாகப் படிக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை, தரையில் கடுகு அரைத்த விழுதுபோலப் பழுப்பும் மஞ்சளுமாக, கெட்ட வாடையோடு எச்சம் கிடந்தது. பயந்துபோய் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இது எப்பவும் போடுறதுதான்த்தா. பத்து எச்சத்துல ஒண்ணு இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். கோழியின் குடல் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால், முட்டுச்சந்துபோல மூடிய இரண்டு குடல் பைகள் உண்டு. அவை தனியாகக் காலியாகும்போது வருகிற எச்சம் இப்படித்தான் கூழாக இருக்கும். கூடவே, மேலே வெள்ளை படிந்த கெட்டியான எச்சமும் கிடந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் எச்சம் இளகித் தண்ணியாக இருந்தது. அன்று மாமியாரும் முகம் சுளித்தார். இதற்கும் காரணம் இருந்தது. கூண்டு மாற்றிய அன்றே, குஞ்சுத் தீவனத்தையும் நிறுத்திவிட்டு அரிசிக் குருணையும் கம்பும் தவிடும் போட ஆரம்பித்திருந்தாள். தீவன மூட்டை தீர்ந்துவிட்டது. புது மூட்டை வாங்கக் காசைப் பார்த்தாள். ஒரே நாளில் இடம், சூடு, தீவனம் மூன்றும் மாறினால் சின்னக் குடல் தாங்காது. அதோடு அன்று இரவு மழையும் பெய்தது. 23 நாள் குஞ்சுக்கு உடம்பெல்லாம் இறகு மூடியிருக்காது, பாதி பஞ்சுமுடிதான். அந்த வயதில் 80 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கூண்டில் பல்பு இல்லை.

குளிரும் தீவன மாற்றமும் மட்டும் என்றால், பல்பைப் போட்டு, பழைய தீவனத்தைக் கொடுத்து, உமியை மாற்றியிருந்தால் இரண்டொரு நாளில் சரியாகியிருக்கும். ஆனால் அதற்குள் இன்னொன்று குடலுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் சாயங்காலம் எச்சம் பழுப்பாக, நுரையும் சளியுமாக வந்தது. அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியலில்தான் ரத்தத்தைப் பார்த்தாள்.

கைவிட்டுப் போன ஒரு நாள்

"கழிச்சல் விழுந்துருச்சு" என்றார் மாமியார். ஊரில் கோழிக்கு வயிற்றால் போனால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் தெருக் கோழிகளெல்லாம் செத்துப்போனதை அவர் தன் ஆயுளில் பலமுறை பார்த்தவர். அவருக்குத் தெரிந்த கைமருந்தைச் செய்தார். சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் மூன்றையும் அம்மியில் அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி, ஒவ்வொரு குஞ்சின் வாயிலும் வைத்தார். மருமகள் கடைக்குப் போய், குஞ்சுகள் தெம்பாக இருக்கட்டும் என்று பி-காம்ப்ளெக்ஸ் டானிக் ஒன்று வாங்கிவந்து தண்ணீரில் கலந்து வைத்தாள்.

அன்று இரவு, மாமியார் படுக்கப் போகவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனார். மருமகளும் பின்னால் போனாள். துவண்டு கிடந்த ஒரு குஞ்சை எடுத்து முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கல்லின் மேல் உட்கார்ந்தார். "தாய்க்கோழி இருந்தா இந்நேரம் றெக்கைக்குள்ள வச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். குத்திக்காட்டுகிற குரல் அதில் இல்லை. ஆனாலும் மருமகளுக்குத் தொண்டை அடைத்தது. கடன் கொடுத்த குழுப் பெண்களின் முகங்களெல்லாம் கண்முன்னே வந்து போயின. அந்தக் குஞ்சு விடிவதற்குள் மாமியாரின் மடியிலேயே இறந்துவிட்டது.

ஆறாம் நாள் காலை எண்ணியபோது, அதையும் சேர்த்து ஐந்து செத்திருந்தன.

மகள் யூனிபார்மோடு வந்து நின்றாள். எண்ண வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு என்று அவளை அனுப்பிவிட்டு, செத்த குஞ்சுகளில் இரண்டை ஒரு பிளாஸ்டிக் பையிலும், ரத்தம் கலந்த எச்சத்தைக் கொஞ்சம் ஒரு பழைய டப்பாவிலும் போட்டுக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசு கால்நடை மருந்தகத்துக்கு மருமகள் சைக்கிளை மிதித்தாள். செத்த குஞ்சைத் தூக்கிக்கொண்டு போவதை வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். மாட்டுக்கு என்றால் ஓடலாம், கோழிக்குமா டாக்டர் என்றார்கள்.

அந்த வேலையைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

டாக்டர் காட்டியது

குஞ்சை மேசையில் மல்லாத்தி வைத்து, கத்தரிக்கோலால் வயிற்றைத் திறந்தார் அவர். முன்னே சொன்ன இரண்டு குடல் பைகளும் வீங்கிக் கருஞ்சிவப்பாக இருந்தன. ஒன்றைக் கீறினார். உள்ளே முழுக்க ரத்தமும் உறைந்த கட்டியும்.

"ஏம்மா, இது வெள்ளைக் கழிச்சல் இல்ல. ரத்தக் கழிச்சல்" என்றார்.

வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் வைரஸால் வருவது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகும். குஞ்சு, கோழி என்று வயது பார்க்காது. கொட்டாவி விடுவதுபோல மூச்சுக்குத் திணறும். பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது; தடுப்பூசி மட்டும்தான் காப்பு. ரத்தக் கழிச்சல் வேறு. 'காக்சிடியோசிஸ்' என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயை உண்டாக்குவது எய்மீரியா என்ற ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரையிலான குஞ்சுகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். நேரத்துக்குப் பார்த்தால் இதற்கு மருந்து உண்டு.

"கூண்டு இருக்குற எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

மாமியாரின் ஆறு கோழிகளும் பகலெல்லாம் கிளறிக்கொண்டிருந்த இடம் அது. வேப்பமர நிழல். துணி துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடிவந்து தேங்குகிற தாழ்வான தரை. நிழலாக இருக்கிறதே என்றுதான் அந்த இடத்தைப் பார்த்துக் கூண்டு போட்டிருந்தாள்.

டாக்டர் விளக்கிச் சொன்னார். வளர்ந்த கோழிகள் சின்ன வயதிலேயே இந்த ஒட்டுண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அவற்றின் எச்சத்தில் ஒட்டுண்ணியின் முட்டைகள் வெளியே வந்துகொண்டிருக்கும். கெட்டியான ஓடு உள்ள முட்டைகள். வெளியே வந்தவுடன் அவற்றால் நோயை உண்டாக்க முடியாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால், ஒன்றிரண்டு நாளில் பக்குவமாகும். அதன்பின் அதைக் குஞ்சு கொத்தித் தின்றால், குடல் சுவருக்குள் நுழைந்து பல்கிப் பெருகும். ஒரு முட்டையிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருகும்போது குடல் சுவர் கிழிந்து ரத்தம் வரும். தின்றதிலிருந்து ரத்தம் வருவது வரை நான்கைந்து நாள். கூண்டு மாறிய ஐந்தாம் நாளில் ரத்தத்தைப் பார்த்தது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

உலர்ந்த உமியில் வளர்ந்த குஞ்சுகள், அந்த ஒட்டுண்ணியைப் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை. குளிராலும் தீவன மாற்றத்தாலும் சோர்ந்திருந்த நேரத்தில், ஒட்டுண்ணி நிறைந்த ஈரத்தரையில், 40 சதுர அடிக்குள் 58 குஞ்சுகள். தீவனத்தட்டிலும் தண்ணீரிலும் காலை வைத்து, எச்சத்தையும் சேர்த்துத் தின்றன. சில குஞ்சுத் தீவனங்களில் இந்த நோயை அடக்கிவைக்கும் மருந்தைச் சிறிதளவு கலந்திருப்பார்கள். மூட்டையில் உள்ள சீட்டில் அது போட்டிருக்கும். அவள் அந்தத் தீவனத்தையும் அதே நாளில் நிறுத்தியிருந்தாள்.

டானிக்கை நிறுத்துங்க

ஆம்ப்ரோலியம் என்ற மருந்தை எழுதிக்கொடுத்தார் டாக்டர். குடிதண்ணீரில் கலந்து கொடுப்பது. சீக்கு வந்த குஞ்சு இரை எடுக்காது. ஆனால் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் மருந்தைத் தண்ணீரில் கொடுப்பது. நோய் தெரிகிற குஞ்சுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. கூண்டில் உள்ள அத்தனைக்கும் கொடுக்க வேண்டும். வேறு தண்ணீர் எதையும் வைக்கக் கூடாது. மழைத்தண்ணீர் தேங்கினால்கூட அதைக் குடித்துவிடும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். முதல் ஐந்து நாள் ஓர் அளவு, அதன்பின் அளவைக் குறைத்துச் சில நாள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் மருந்தின் வலு மாறும் என்பதால், எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்பதைச் சீட்டிலேயே எழுதித் தந்தார். கறிக்கு விற்பதற்கு முன் எத்தனை நாள் மருந்து இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

"வேற என்னம்மா குடுத்தீங்க?"

வெங்காயமும் சீரகமும் என்றாள். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பி-காம்ப்ளெக்ஸ் டானிக் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "அதை மொதல்ல நிறுத்துங்க."

எய்மீரியா பெருகுவதற்கு பி-1 வைட்டமின் வேண்டும். ஆம்ப்ரோலியம் அந்த வைட்டமினைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு போய், ஒட்டுண்ணிக்கு அது கிடைக்காமல் செய்துவிடும். அதே நேரத்தில் நாம் பி-1 உள்ள டானிக்கையும் ஊற்றினால், மருந்தின் வேலை கெட்டுவிடும். டானிக் கொடுக்க வேண்டும் என்றால் மருந்து முடிந்த பிறகு கொடுக்கலாம். நல்லது என்று நினைத்துத் தான் வாங்கிவந்து ஊற்றியது மருந்துக்கே எதிரி என்று தெரிந்தபோது, அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலை, குஞ்சுகளைப் பழைய அறைக்கே மாற்றியது. புது உமி, பல்பு, பழைய தீவனம். துவண்டவற்றைத் தனியாக ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தாள். துவண்டு கிடக்கும் குஞ்சு எழுந்துபோய்க் குடிக்காது என்பதால், ஒவ்வொன்றின் அலகையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்துத் தண்ணீரில் தொட்டுவிட்டார் மாமியார். செத்தவற்றைக் கண்மாயில் எறியாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

மருந்து கொடுத்த மறுநாளும் நான்கு செத்தன. அதற்கு மறுநாள் மூன்று. "மருந்து கேக்கலயோ" என்று மாமியார் சந்தேகப்பட்டார். ஏற்கெனவே குடல் கிழிந்தவை போய்த்தான் தீரும், மருந்தை விடாமல் கொடுங்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், மருமகள் நிறுத்தவில்லை. ஒன்பதாம் நாள் ஒன்று. பத்தாம் நாள் காலை கதவைத் திறந்தபோது எதுவும் சாகவில்லை. அலகைத் திறந்துகொண்டு இரைக்கு ஓடிவந்தன.

நோட்டில் எழுதினாள்: மாற்றியது 58, போனது 15, மிச்சம் 43. தீபாவளிக்கு வந்த கணவரிடம் அந்த நோட்டை அவளே எடுத்துக் காட்டினாள். அவர் படித்துவிட்டு, "இன்னும் 43 இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, கூண்டைத் தூக்கி மேட்டுக்கு மாற்ற மச்சானைக் கூப்பிடப் போனார்.

பஞ்சாரத்தின் கணக்கு

கூண்டை மாற்றும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. மருமகள் கேட்டாள்: "அத்தே, நீங்க இத்தன வருசமா வளத்தீகளே, ஒங்க குஞ்சுகளுக்கு ஏன் இது வரல?"

"வராம என்ன. ஒண்ணு ரெண்டு போகும். மொத்தமாப் போனதில்ல."

அவர் வளர்த்த முறையைக் கேட்டுக் கேட்டு வாங்கினாள். தாய்க்கோழியையும் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள் கவிழ்ப்பார். பனி காய்ந்து வெயில் ஏறிய பிறகுதான் திறந்துவிடுவார். பொழுது சாய்வதற்குள் அடைத்துவிடுவார். இன்று கவிழ்த்த இடத்தில் நாளைக்குக் கவிழ்க்க மாட்டார். தினமும் நான்கடி தள்ளி வைப்பார். பழைய இடத்தைக் கூட்டி அடுப்புச் சாம்பலைத் தூவி, வெயில் படும்படி விட்டுவிடுவார். "ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. எங்க ஆத்தா அப்படித்தான் செஞ்சுச்சு" என்றார்.

மருமகளுக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. எச்சத்தோடு விழுந்த முட்டை பக்குவமாக ஒன்றிரண்டு நாள் வேண்டும். தினமும் பஞ்சாரம் நகர்ந்தால், அது பக்குவமாவதற்குள் குஞ்சு அங்கிருந்து போய்விடுகிறது. சாம்பலும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. உலர்ந்து காய்ந்த தரையில் அந்த முட்டைகள் தாக்குப்பிடிப்பதில்லை. நிழலும் ஈரமும் உள்ள மண்ணிலோ மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றினாலும் சாகாது. தாய்க்கோழியின் பின்னால் போகும் குஞ்சு முதல் நாளிலிருந்தே மண்ணைக் கொத்துகிறது. கொஞ்சமாகத் தின்று, கொஞ்சமாக எதிர்ப்புச் சக்தி பெறுகிறது. குளிர்ந்தால் ஓடிப்போய் இறக்கைக்குள் புகுந்துகொள்கிறது.

பல்பும் உமியும் தாய்க்கோழியின் சூட்டைத் தந்தன. மண்ணைப் பழக்கிவிடுகிற வேலையை அவற்றால் செய்ய முடியாது. அந்த வேலையை ஆள்தான் செய்ய வேண்டும். அதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லக் கூடியவர் அதே வீட்டில் இருந்தார். அவரிடம் அவள் கேட்கவில்லை.

அடுத்த முறை

மிஞ்சிய 43-ம் தேறி வளர்ந்தன. நோய் கண்டு பிழைத்தவை எடை கூட நாளானது. பொங்கலுக்கு விற்கலாம் என்று நினைத்தது மாசிக்குத் தள்ளிப்போனது. குழுவுக்குக் கட்ட வேண்டிய ஒரு தவணைக்கு மாமியார் தன் கோழி இரண்டை விற்றுக் கொடுத்தார். கேட்காமலேயே கொடுத்தார்.

மாசியில் மறுபடி 50 குஞ்சுகள் வாங்கினாள். இந்த முறை எதையும் ஒரே நாளில் மாற்றவில்லை. நான்காம் வாரத்தில், வெயில் ஏறிய பிறகு ஒரு மணி நேரம் மட்டும், உலர்ந்த மேட்டுத் தரையில் வலைத் தடுப்புக்குள் விட்டாள். அடுத்த நாள் தடுப்பை நகர்த்தினாள். மூன்று நாளுக்கு ஒருமுறை நேரத்தைக் கூட்டினாள். மணல் கொஞ்சம் தட்டில் வைத்தாள். புல்லைத் தின்றால் அரைத்துச் செரிக்க, குஞ்சின் அரைப்பைக்குச் சிறுகல் வேண்டும். உடம்பெல்லாம் இறகு மூடி, இரவில் பல்பு இல்லாமலே பரவலாகப் படுக்க ஆரம்பித்த பிறகு, ஆறாம் வாரம் முடிந்ததும்தான் கூண்டுக்கு முழுவதுமாக மாற்றினாள். அப்போதும் பழைய தீவனத்தை நிறுத்தவில்லை. கால் பங்கு, அரைப் பங்கு என்று குருணையையும் கம்பையும் ஒரு வாரத்தில் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

கூண்டு இப்போது தரையிலிருந்து எழும்பி, மண் கொட்டிய மேட்டில் இருக்கிறது. காலை வெயில் உள்ளே விழுகிறது. உமியைத் தினமும் கிளறிவிடுகிறாள். கையில் பிடித்தால் கட்டியாக ஒட்டுகிற உமியை உடனே அள்ளிவிட்டுப் புதிது போடுகிறாள். தண்ணீர் டப்பாவைச் சுற்றித்தான் அது முதலில் நனையும் என்று தெரிந்துகொண்டாள். தீவனத்தட்டும் தண்ணீர் டப்பாவும் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தொங்குகின்றன. குஞ்சு வளர வளரக் கயிற்றை ஏற்றிக் கட்டுகிறாள். வளர்ந்த கோழிகளுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை.

இந்த முறை 50-ல் 46 தேறின.

ரத்தக் கழிச்சல் அடியோடு போய்விட்டது என்று அவள் சொல்வதில்லை. அது மண்ணில் இருக்கும். மழைக்காலத்தில் தலைகாட்டும். அதனால் காலையில் கூண்டைத் திறந்ததும் தீவனத்தை எடுப்பதற்கு முன்னால் தரையைத்தான் பார்க்கிறாள். வெள்ளை படிந்த கெட்டி எச்சமா, எப்போதாவது வரும் கூழா, தண்ணியா, நுரையா என்று பார்த்து, சந்தேகம் என்றால் அன்றைக்கே டப்பாவில் அள்ளிக்கொண்டு மருந்தகத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். இப்போது வழியில் யாரும் சிரிப்பதில்லை. போன மாதம் எதிர்வீட்டுக்காரர் தன் கோழியின் எச்சத்தையும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தனுப்பினார்.

சில நாட்களில் அவளுக்கு முன்னால் மாமியார் கூண்டருகே போய்விடுகிறார். கண் பார்வை மங்கிவிட்டதால் பேத்தியையும் கையோடு கூட்டிப்போகிறார். பேத்தி குனிந்து பார்த்து நிறத்தைச் சொல்கிறாள். அப்பத்தா கேட்டுக்கொண்டு, அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார்: "ஏத்தா, இன்னைக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ வேலையப் பாரு."